கேரவனை எடைபோட்டுத் தரும் சேவை: பஸ்ஸல்டனில் நான் கொடுத்த 240 வெள்ளி

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் போயிருந்தோம். காரும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடான கேரவனும் வாடகைக்கு எடுத்து, தெற்கே ஆல்பனி வரைக்கும் பத்து நாள் சுற்றினோம். சிங்கப்பூர் திரும்பி வந்ததிலிருந்து யீஷூனில் எங்கள் புளோக்குக் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான். எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு ஆச்சு, அடுத்த ஜூன் மாதம் நாங்களும் போகலாமா?

போகலாம். ஆனால் வாடகை விவரத்துக்கு முன்னால் நான் சொல்ல நினைப்பது வேறு. அந்தப் பயணத்தில் செலவழித்த காசிலேயே ஆகப் பயனுள்ளது 240 ஆஸ்திரேலிய வெள்ளி. நாங்கள் தங்கிய இடத்துக்கே ஒரு பெண்மணி வந்து, காரை, கேரவனை, எங்கள் ஐந்து பேரை (நான், மனைவி, மச்சான், பையன்கள் இரண்டு பேர்), எங்கள் அரிசி மூட்டையை எல்லாம் சேர்த்து எடைபோட்டு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கான கூலி அது. இந்த விமர்சனம் அந்தச் சேவையைப் பற்றியது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். துவாஸில் கப்பல் பட்டறையில் 22 ஆண்டு வேலை. பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டுகிற ரிக்கராகத் தொடங்கினேன், இப்போது லிஃப்டிங் சூப்பர்வைசர். பாரந்தூக்கிக் கொக்கியில் ஒரு பொருளை மாட்டுவதற்கு முன் அதன் எடை என்ன என்று கேட்பதுதான் என் பிழைப்பு. எடை எழுதாத லிஃப்டிங் பிளானில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. 50 டன் பாரந்தூக்கி என்றால் எல்லா இடத்திலும் 50 டன் தூக்கும் என்று புதிதாக வருகிற பையன்கள் நினைப்பார்கள். கையைச் சுருக்கி, ஆகப் பக்கத்தில் தூக்கினால்தான் 50. கையை நீட்டி எட்டத்தில் தூக்கினால் சில டன்னோடு நின்றுவிடும். எத்தனை எட்டத்தில் எத்தனை டன் என்று சொல்கிற பட்டியல், லோட் சார்ட், அதற்குத்தான். இதை வாரம் தவறாமல் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறவன், பெர்த்தில் வாடகைக் கடை முற்றத்தில் நின்றபோது ஒரே ஒரு எண்ணைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனசு சுருக்கென்கிறது.

அந்த எண் 3,500. கடைக்காரர் காரின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இது மூன்றரை டன் இழுக்கும். கேரவன் முழுக்க ஏற்றினாலும் 2,700 கிலோதான். கவலையே வேண்டாம்" என்றார். ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி, நல்ல வண்டி. அதன் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் வண்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த வகுப்பில் வருகிற பல வண்டிகளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கடையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கேரவன் இரட்டை அச்சு, உள்ளே அடுக்குக் கட்டில், குளியலறை, பின்பக்கம் முழு அகலத்துக்குச் சமையல் மேடை. என் மனைவி அந்தச் சமையல் மேடையைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டாள்.

நம் ஊரில் கேரவன் இழுக்கும் பழக்கம் இல்லை. ட்ரெய்லர் என்றால் நமக்குப் பாசிர் பாஞ்சாங்கில் கொள்கலன் ஏற்றிப்போகிற நீள வண்டிதான் ஞாபகம் வரும். அதில் பாரம் இழுக்கிற வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலேயே உட்காருகிறது. கேரவன் அப்படி அல்ல. காருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் குண்டின் மேல், கேரவனின் முன்சட்டம் வந்து கவிழ்ந்து உட்காரும். அந்தச் சட்டத்தை மச்சான் முதல் நாளே "மூக்கு" என்று சொல்லிவிட்டான், நானும் அப்படியே எழுதுகிறேன். மூக்கு குண்டின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நாள் நடந்தது இது. பெர்த்தில் ஒரு இந்தியக் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினோம். பானப் பெட்டிகள், தண்ணீர் போத்தல்கள், பையன்களுக்கு வாடகைச் சைக்கிள் இரண்டு. சமையல் சாமான் எல்லாம் சமையல் மேடைக்குக் கீழே, அதாவது கேரவனின் வால் பக்கத்தில் போயிற்று. சைக்கிள்கள் அதற்கும் பின்னால், வெளியே தாங்கியில். தண்ணீர்த் தொட்டி இரண்டையும் கடைக்காரரே நிரப்பியிருந்தார், ஒவ்வொன்றும் 95 லிட்டர். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அப்படியென்றால் தண்ணீர் மட்டுமே 190 கிலோ. இந்தக் கணக்கு அன்றைக்கு என் தலையில் ஓடவே இல்லை.

மண்டூராவைத் தாண்டி ஃபாரஸ்ட் நெடுஞ்சாலையில் பிற்பகல் மூன்று மணி. கோடைக்காலத்தில் அந்தக் கரையில் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று எழும்பும். வெயிலுக்கு மருந்து மாதிரி வருகிறது என்று அதற்கு "ஃப்ரீமேன்டில் டாக்டர்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வேகம் 95. வலப்பக்கம் ஒரு பெரிய லாரி முந்தியது. முதலில் கேரவன் இடப்பக்கம் தள்ளப்பட்டது. லாரி கடந்து போகும்போது வலப்பக்கம் இழுக்கப்பட்டது. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கேரவனின் இடப்பக்கச் சுவர் தெரிகிறது, மறைகிறது, வலப்பக்கச் சுவர் தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடக் கொஞ்சம் அகலம். ஸ்டியரிங்கில் என் கை எதுவும் செய்யவில்லை, ஆனால் காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குகிறார்கள். "அத்தான், பின்னாடி ஆடுது!" என்று மச்சான் கத்தினான். பிரேக்கை மிதிக்கத்தான் கால் போயிற்று. என்னவோ, மிதிக்கவில்லை. ஊஞ்சலாடும் பாரத்தை வெடுக்கென்று பிடித்து நிறுத்தக் கூடாது என்கிற பட்டறைப் பழக்கம் காலில் இருந்திருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 70க்கு இறங்கியபோது அடங்கியது. மொத்தமே எட்டு, பத்து விநாடி இருக்கும். பின்னால் பையன்கள் இரண்டு பேரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவனுக்கு 11 வயது. என் தங்கமான மருமகன்.

மீதித் தூரம் 70ஐத் தாண்டாமல் ஓட்டி, இருட்டுவதற்குள் பஸ்ஸல்டன் சேர்ந்தோம். கேரவன் பூங்காவில் பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதி. நான் கேரவனைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த பெரியவர் விசாரித்தார். ஆட்டத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மூக்கு எடை எத்தனை?" எனக்குத் தெரியவில்லை. 22 ஆண்டாக நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது.

எடைபோடும் பெண்மணியின் போன் எண்ணை அவர்தான் கொடுத்தார். அந்த நாட்டில் கேரவன் எடைபோட என்றே வேனில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரிகளுக்கான பொது எடைமேடைகளும் உண்டு, அவை மலிவு. ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது மொத்த எடைதான். எந்த அச்சில் எத்தனை, மூக்கில் எத்தனை என்று அறிய வேண்டுமென்றால் வண்டியைக் கழற்றி, மாட்டி, முன்னும் பின்னும் நகர்த்தித் தலைவலிதான். வேனில் வருகிறவர்கள் அதை உட்கார்ந்த இடத்திலேயே செய்து தருகிறார்கள்.

அடுத்த நாள் காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்றவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், அகன்ற தொப்பி, ஒரு பழைய வெள்ளை வேன். எங்கள் இடத்தில் புல்தரை சரிவாக இருந்தது, அங்கே எடைபோட மறுத்துவிட்டார். பூங்காவில் வண்டி கழுவும் சிமென்டுத் தளத்துக்கு எல்லாவற்றையும் நகர்த்தச் சொன்னார். தரை சாய்ந்திருந்தால் எண் பொய் சொல்லும் என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. பாரந்தூக்கியை நிறுத்துவதற்கு முன் தரையைப் பார்க்கிற ஆள்தான் எங்களுக்கும் வேண்டியவர்.

இரண்டு விரல் தடிமனில் நான்கு எடைப்பலகைகள், எல்லாவற்றிலிருந்தும் கம்பி ஒரு சிறிய பெட்டிக்குப் போகிறது. முதலில் கேரவனைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் பலகைகளின் மேல் ஏற்றச் சொன்னார். "பயணத்தில் யார் எங்கே உட்காருவீர்களோ அங்கேயே உட்காருங்கள். டீசல் முழுக்க இருக்கட்டும், குளிர்பெட்டியைத் தொடாதீர்கள்" என்றார். என் மனைவி தயங்கி, "என்னங்க, என் எடையைத் தனியா எழுதுவாங்களா?" என்று தமிழில் கேட்டாள். அந்த அம்மாவுக்குப் பாஷை புரியவில்லை, முகம் புரிந்தது. "எடை சக்கரத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல" என்று சிரித்தார்.

முன் அச்சு 1,250. பின் அச்சு 1,440. மொத்தம் 2,690 கிலோ.

காரின் கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார். ஜிவிஎம் 2,800. அதாவது கார், ஆள், டீசல், சாமான் என்று அந்த நான்கு சக்கரமும் சுமக்கிற அத்தனையும் சேர்ந்து 2,800 கிலோவைத் தாண்டக் கூடாது. கேரவன் மாட்டும்போது மூக்கு எடையும் காரின் கணக்கில்தான் சேரும், அதுவும் இந்த 2,800க்குள் அடங்க வேண்டும். எங்களுக்கு மீதி இருந்ததோ 110 கிலோ. இன்னும் கேரவன் மாட்டவே இல்லை!

அப்புறம் மூக்கு. கேரவனின் முன்னால் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு ஏறி இறங்கும். குண்டு இருக்கும் உயரத்தில் ஒரு அளவுகோலை நிறுத்தி, அதன் தலையில் மூக்கு உட்காரும்படி கைப்பிடியை மெல்லச் சுற்றினார். சின்னச் சக்கரம் தரையைவிட்டு ஒரு நூல் எழும்பியது. கிரீஸ் படிந்த அந்தக் குழி அளவுகோலில் முழுதாக இறங்கியதும் முள் ஆடி நின்றது. 130.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி, கேரவனின் சக்கரங்களையும் எடைபோட்டார். கேரவன் மொத்தம் 2,560 கிலோ. அதன் தகட்டில் ஏடிஎம் 2,700 (காசு எடுக்கும் இயந்திரம் அல்ல, கழற்றி நிற்கும் கேரவன் சாமானோடு சேர்த்து எட்டக்கூடிய உச்ச எடைக்கு அங்கே அதுதான் பெயர்). ஆகக் கேரவன் தன் வரம்புக்குள்தான் இருந்தது. ஆட்டத்துக்குக் காரணம் அந்த 130. கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இறங்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. எங்களுக்கு 250 சுமார் இருந்திருக்க வேண்டும். இருந்தது இருபதில் ஒரு பங்கு. அரிசியும் பானமும் சைக்கிளும் வாலில் உட்கார்ந்து, சீசா பலகையில் ஒரு பக்கம் பெரிய ஆள் உட்கார்ந்த மாதிரி மூக்கைத் தூக்கிவிட்டன. வால் கனத்தால் அது ஒரு பெண்டுலம். காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், வேகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, சாமானை முன்னால் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சானும் பையன்களும் சேர்ந்து வாலில் இருந்த 60 கிலோ சாமானை முன்கட்டிலுக்குக் கீழே கொண்டுபோனார்கள், சைக்கிள்களைத் தாங்கியோடு கழற்றி உள்ளே முன்கட்டிலின் மேலேயே படுக்கவைத்தார்கள். மறுபடி அளவுகோல். 250. எனக்குப் பெருமூச்சு வந்தது. அவர் பேசாமல் கேரவன் மாட்டிய காரைப் பலகைகளில் ஏற்றி, பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

கார் மொத்தம் 2,940. வரம்பைவிட 140 கிலோ கூடுதல். பின் அச்சு 1,795, அதன் வரம்பு 1,650. முன் அச்சு 1,145, அதாவது கேரவன் இல்லாதபோது இருந்ததைவிட 105 கிலோ குறைந்துவிட்டது.

நான் அந்தக் கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். 250 கிலோ வைத்தால் பின் அச்சில் 355 ஏறுகிறது, முன்னால் 105 குறைகிறது. குண்டு பின்சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, 1.2 மீட்டர் பின்னால் தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 2.85 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டுப் பாருங்கள், 105 சரியாக வரும். கையை நீட்டிய பாரந்தூக்கிதான் இது. நான் தினமும் பார்க்கிற லோட் சார்ட். முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது, முன் பிரேக்குக்குப் பிடிமானம் குறையும், இரவில் விளக்கு சாலையை விட்டு மரத்தின் மேல் அடிக்கும்.

ஆக, ஆட்டத்தைச் சரிசெய்தால் கார் தாங்காது. காரைக் காப்பாற்றினால் கேரவன் ஆடும். சாமானை எப்படி மாற்றி அடுக்கினாலும் அந்தக் காருக்கும் அந்தக் கேரவனுக்கும், ஐந்து பேரை வைத்துக்கொண்டு, பொருத்தமே இல்லை. 3,500 என்கிற எண் பொய் அல்ல. ஆனால் அது இஞ்சினும் சட்டமும் இழுக்கிற எண். எங்களையும் சுமந்துகொண்டு இழுக்கிற எண் அல்ல. அதே தகட்டில் ஜிசிஎம் என்று இன்னொரு எண்ணும் இருந்தது, கார், கேரவன் இரண்டும் சேர்ந்த உச்சம், 5,900. காரை 2,800 வரை நிரப்பிவிட்டால் இழுக்க மிச்சம் 3,100தான். விளம்பரத் தாளில் இருக்கிற 3,500ஐ இழுக்க வேண்டுமென்றால் காரிலிருந்து 400 கிலோவை இறக்க வேண்டும். யாரை இறக்குவது?

வாடகைக் கடைக்கு அங்கிருந்தே போன் போட்டேன். முதலில் அதே மூன்றரை டன் பாட்டு. நான் அச்சு எண்களை வாசித்ததும் குரல் மாறியது. எடையைப் பரப்பிவிடும் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன, அனுப்புகிறோம், மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். பக்கத்தில் நின்ற அந்த அம்மா தலையை ஆட்டினார். அந்தக் கம்பிகள் பின் அச்சின் பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் கேரவன் சக்கரங்களுக்கும் தள்ளும், கார் மட்டமாக நிற்கும், அது நல்லதுதான். ஆனால் தகட்டில் இருக்கிற 2,800ஐ அவை 2,940 ஆக்காது. வரம்பு மீறிய வண்டியில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

பெரிய கார் கேட்கலாமே, லேண்ட் க்ரூஸர் மாதிரி, என்றான் மச்சான். நம்மில் பலருக்கும் அதுதான் தோன்றும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. லேண்ட் க்ரூஸர் 200க்கு ஜிவிஎம் 3,350 கிலோ. ஆனால் வண்டியின் சொந்த எடையே 2,600க்கு மேல். ஆளும் சாமானும் மூக்கும் ஏற்ற மிச்சமிருப்பது நாங்கள் வைத்திருந்த காரைவிடப் பிரமாதமாக அதிகம் இல்லை. கனமான கார் கேரவனின் ஆட்டத்தை நன்றாக அடக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்து பேர் குடும்பத்துக்குக் காரைப் பெரிதாக்குவதைவிடக் கேரவனைச் சிறிதாக்குவது நல்லது என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

இரண்டு நாள் பஸ்ஸல்டனிலேயே இருந்தோம். 1.8 கிலோமீட்டர் நீளப் படகுத்துறையில் நடந்து போய் வந்தோம், பையன்கள் சைக்கிள் ஓட்டித் தீர்த்தார்கள், பிறகு சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் மாலை கடைக்காரர்கள் ஒற்றை அச்சுக் கேரவன் ஒன்றை இழுத்து வந்து மாற்றிக் கொடுத்தார்கள். ஏடிஎம் 1,750. வாடகை வித்தியாசத்தைத் திருப்பித் தரவில்லை. அது எனக்கு இன்னும் ஆற்றாமைதான். அடுக்குக் கட்டில் இல்லை, மச்சானும் பையன்களும் கூடாரத்தில் படுத்தார்கள். அகலச் சமையல் மேடை போய், இரண்டு அடுப்பு மட்டும். என் மனைவி அதிலேயே சாம்பார் வைத்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. முதல் நாள் கண்ணாடியில் அவளும்தான் அந்தச் சுவர்களைப் பார்த்தாள்.

அந்த அம்மா மறுபடி வந்து சிறிய கேரவனையும் எடைபோட்டார். இரண்டாம் முறைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, நானாகத்தான் 40 வெள்ளி கொடுத்தேன். காரிலிருந்து 50 கிலோவைக் குறைத்திருந்தோம். கேரவன் மொத்தம் 1,640, மூக்கு 150. கார் 2,790, வரம்புக்கு 10 கிலோ கீழே. பின் அச்சு 1,610. "பத்து கிலோ என்பது ஒரு பெட்டி பானம். வழியில் வாங்கினால் கேரவனில், அச்சுக்கு மேல் வையுங்கள்" என்றார். நான் கடைசி நாள் வரைக்கும் அதைக் கடைப்பிடித்தேன்.

இன்னொன்றையும் அவர் சொல்லிக்கொடுத்தார், கடையில் பத்து விநாடியில் முடித்துவிட்டது. டாஷ்போர்டுக்குக் கீழே கேரவன் பிரேக்குக்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதைக் கையால் அழுத்தினால் கேரவனின் பிரேக் மட்டும் பிடிக்கும், காரின் பிரேக் பிடிக்காது. ஆட்டம் வந்தால் காலை எடு, ஸ்டியரிங்கை நேராக வை, குமிழை மெல்ல அழுத்து. பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி கேரவன் நேராகிவிடும். காலிச் சாலையில் மணிக்கு 40 வேகத்தில் என்னை நான்கைந்து முறை அழுத்திப் பார்க்க வைத்தார், கை தானாகப் போகும் வரைக்கும். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டவும் காட்டினார், மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். முதல் கேரவன் போல இரண்டு டன்னுக்கு மேல் சக்கரத்தில் சுமக்கிறவற்றுக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கழன்று ஓடினால் தானே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்கிற அமைப்பும் வேண்டும் என்பது அங்கே சட்டம். அது நம் கேரவனில் வேலை செய்கிறதா என்று ஊசியை இழுத்துப் பார்க்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அகஸ்டா, பெம்பர்டன், வால்போல், ஆல்பனி. காரி மரக்காட்டுக்குள் மேடும் வளைவுமாகச் சாலை. டென்மார்க் ஊருக்கு முன்னால் ஒரு மரலாரி எதிரே வந்து கடந்தது. கேரவன் லேசாக ஒரு முறை அசைந்து அப்படியே நின்றது. நான் கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் திரும்பிப் பார்த்தேன், பையன்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சேவையில் குறை இல்லாமல் இல்லை. முக்கால் மணி தாமதம், போனிலும் சொல்லவில்லை. எழுத்துத் தாள் அன்று இரவுதான் மின்னஞ்சலில் வந்தது, எழுத்து பொடிப்பொடி, என் கண்ணாடியோடும் சிரமம். எண்களைக் கையால் எழுதி அங்கேயே கொடுத்திருந்தால் கடைக்காரரோடு பேச இன்னும் வசதியாக இருந்திருக்கும். வேலை ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார், சாமான் மாற்றியதால் எங்களுக்கு இரண்டே முக்கால் மணி ஆயிற்று. அதற்குக் கூடுதல் காசு கேட்காதது அவர் பெருந்தன்மை, எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

போகிறவர்களுக்கு: தேடும்போது "மொபைல் கேரவன் வெயிங்" என்று போட்டு, நீங்கள் போகும் ஊரின் பெயரையும் சேருங்கள். விடுமுறைக் காலத்தில் ஆள் கிடைப்பது கடினம், எங்களுக்கு அடுத்த நாளே கிடைத்தது அதிர்ஷ்டம். ஆகச் சிறந்தது, வண்டி எடுக்கும் நாளிலேயே, வாடகைக் கடை வாசலிலேயே வரச் சொல்வது. பொருந்தவில்லை என்றால் நீங்கள் ஊரைத் தாண்டுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் மளிகையை வாங்கி ஏற்றிவிடுங்கள், தண்ணீர்த் தொட்டிகளை நிரப்புங்கள், காரில் டீசலும் முழுக்க இருக்கட்டும். ஒருவரையும் விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், தாத்தா பாட்டி உட்பட எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய், அவரவர் இடத்தில் உட்காரவைத்து எடைபோடுங்கள்.